அமைப்புக் கோப்புறை இடமாற்றமும் கணினிச் சீரமைப்பும்

விண்டோஸ் கணினியில் சி டிரைவ் நிரம்பியதும் யூசர்ஸ், புரோகிராம் ஃபைல்ஸ் போன்ற அமைப்புக் கோப்புறைகளையே டி டிரைவுக்கு மாற்றிவிடும் பழக்கம் உண்டு. மாற்றிய பிறகு செயலிகள் திறக்க மறுக்கும். பயனர் தம் கணக்கில் நுழைந்தால் வெறுமையான தற்காலிகக் கணக்கு வந்து நிற்கும். அப்போது ரெஜிஸ்ட்ரியில் பழைய பாதைகளைத் தேடித் தேடிப் புதிய பாதையை எழுதுவதே பலரும் நாடும் வழி. அது தவறான திசை. கோப்புறையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு மற்றவற்றைச் சரிசெய்வதுதான் நிலைக்கும் தீர்வு.

ஒரே டிரைவுக்குள் கோப்பை நகர்த்தினால் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை அதன் பட்டியல் பதிவை மட்டும் மாற்றுகிறது. டிரைவ் விட்டு டிரைவ் போகும்போது உண்மையில் நடப்பது நகலெடுப்பும் அழிப்பும். எக்ஸ்புளோரர் வழியாகச் செய்தால், புதிய நகல் சேரும் இடத்தின் அனுமதிகளையே ஏற்கிறது. சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரணப் பயனர் எழுத முடியாது. டி டிரைவின் இயல்பான அனுமதியோ, கணினியில் நுழைந்த எவரும் கோப்புகளை மாற்ற இடம்தரும். எனவே எல்லாம் சரியாக ஓடுவதுபோல் தோன்றும் கணினியிலும் பாதுகாப்பு குலைந்திருக்கும். எத்தனை பாதைகளைத் திருத்தினாலும் இந்த இழப்பு தீராது. பாதைகளும் ஓரிடத்தில் இல்லை. பயனர் கணக்கின் இருப்பிடம் ரெஜிஸ்ட்ரியின் புரொஃபைல்லிஸ்ட் பகுதியிலும், ஆவணக் கோப்புறைகளின் இருப்பிடம் யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ் பகுதியிலும், மீதிப் பாதைகள் செயலிகளின் சொந்த அமைவுக் கோப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன.

பழைய இடத்தில், புதிய இடத்தைச் சுட்டும் ஜங்ஷன் என்ற இணைப்பை வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அது வலுவான மறுப்புதான். விண்டோஸ் 2000 முதலே இந்த வசதி உண்டு. விஸ்டாவில் யூசர்ஸ் என்ற பெயர் வந்தபோது, டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்ற பழைய பெயரைத் தேடும் செயலிகளுக்காக மைக்ரோசாஃப்ட்டே இதைக் கையாண்டது. ஆனால் அங்கே கோப்புறை அதே டிரைவில்தான் இருந்தது. இயங்குதளத்தின் கூறுகள் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையிலிருந்து மற்ற இடங்களுக்கு ஹார்டு லிங்க்குகளாக (ஒரே கோப்பின் கூடுதல் பெயர்களாக) பகிரப்படுகின்றன. ஹார்டு லிங்க் டிரைவ் எல்லையைத் தாண்டாது. அன்றாட வேலைக்கு ஜங்ஷன் தாக்குப்பிடிக்கலாம். புதுப்பிப்பு வரும் நாளில் அதை நம்ப முடியாது. யூசர்ஸ் கோப்புறையை வேறு டிரைவில் அமைத்தால் விண்டோஸைப் பதிப்புயர்வு செய்ய முடியாது என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே எச்சரிக்கிறது.

சீரமைக்கும்போது, இடமாற்றத்துக்கு முந்தைய மீட்புப் புள்ளி உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது ரெஜிஸ்ட்ரியைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும்; நகர்ந்த ஆவணங்களைத் திருப்பித் தராது. அவற்றை மீட்புச் சூழலில் ரோபோகாப்பி கட்டளையால் சி டிரைவுக்குக் கொண்டுவரலாம். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கக்கூடும் என்பதால், விண்டோஸ் எதில் உள்ளது என்று உறுதிசெய்யாமல் கட்டளை தரக்கூடாது. ஜங்ஷன்களைத் தவிர்க்கும் எக்ஸ்ஜே தெரிவும் தேவை. ஆப்டேட்டாவின் லோக்கல் கோப்புறைக்குள் அதே லோக்கலைச் சுட்டும் ஜங்ஷன் இருக்கிறது. அதைப் பின்தொடரும் நகலெடுப்பு மீண்டும் மீண்டும் அதற்குள்ளேயே நுழைந்துகொண்டிருக்கும். அடுத்து டிஐஎஸ்எம், எஸ்எஃப்சி கருவிகள் இயங்குதளக் கோப்புகளைச் சீராக்கும். அனுமதி குலைந்த பயனர் கணக்கை ஒட்டுப்போடுவதைவிட, புதிய கணக்கு தொடங்கி ஆவணங்களை மட்டும் அதற்குள் கொண்டுவருவது நல்லது. செயலிகளையும் மீண்டும் நிறுவிவிடலாம்.

அப்படியானால் சி டிரைவின் நெருக்கடிக்கு என்ன வழி? ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் ஆகிய கோப்புறைகளை அவற்றின் பண்புகள் சாளரத்திலுள்ள இருப்பிடம் பகுதி வழியாக மாற்றலாம். இதை விண்டோஸே ஆதரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் டி டிரைவில் தனிக் கோப்புறை இருக்க வேண்டும். டிரைவின் வேரையே இலக்காகக் கொடுத்தால் முழு டிரைவும் ஆவணக் கோப்புறையாகிவிடும். அதன்பின் அதைப் பழைய இடத்துக்குத் திருப்ப முயலும்போது விண்டோஸ் மறுப்பதும் உண்டு.