பறந்த நேரமும் பறக்காத நேரமும்

1930 மே 5 அன்று லண்டனை ஒட்டிய குராய்டன் விமான நிலையத்திலிருந்து தனியாகக் கிளம்பிய ஏமி ஜான்சன், மே 24 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். பத்தொன்பதரை நாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பெர்ட் ஹிங்க்லர் பதினைந்தரை நாளில் போய்ச் சேர்ந்திருந்தார். எனவே ஏமியைப் பற்றி நான் படித்த குறிப்புகள் பலவும் ஒரே மாதிரி முடிகின்றன: இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண், ஆனால் ஹிங்க்லரின் சாதனையை முறியடிக்கவில்லை. அந்த 'ஆனால்' என்னை உறுத்தியது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

தொலைவு சுமார் 17,700 கிலோமீட்டர். அவருடைய ஜிப்ஸி மாத், மேலே மூடியில்லாத ஒற்றை எஞ்சின் விமானம். மணிக்கு 140 கிலோமீட்டர் அளவில் போகும். வகுத்தால் 126 மணி நேரம், அதாவது ஐந்தேகால் நாள். எதிர்க்காற்று, வழிதவறல் எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்தாலும் ஏழு நாள். மீதிப் பன்னிரண்டு நாள் எங்கே போயிற்று?

தரையில் போயிற்று. பகல் முழுக்கப் பறந்து இறங்கியதும் ஏமி எஞ்சினைத் திறந்துகொண்டு உட்காருவார். பிளக்குகளைச் சுத்தம் செய்வது, ஆயில் மாற்றுவது, பெட்ரோல் நிரப்புவது எல்லாம் முடிந்த பிறகு கிடைப்பது மூன்று மணி நேரத் தூக்கம். இந்த வேலை அவருக்குத் தெரியும். பகலில் வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மற்ற நேரமெல்லாம் ஸ்டாக் லேன் விமானக் கொட்டகையில் மெக்கானிக்குகளோடு கையில் கிரீஸ். 1929இல் பிரிட்டனில் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பெற்ற முதல் பெண் அவர்தான். பத்திரிகைகளுக்கோ 'டைப்பிஸ்ட் பெண்' என்பதே இனித்தது.

கராச்சியை ஆறு நாளில் தொட்டபோது ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முன்னால் இருந்தார். அடுத்து அலகாபாத் போக வேண்டியவர் எரிபொருள் தீர்ந்து ஜான்சி ராணுவ மைதானத்தில் இறங்க, இறக்கை அடிபட்டது. ரங்கூனை நெருங்கும்போது மழை. பந்தயத் திடல் என்று நினைத்து இன்செயின் தொழில்நுட்பக் கல்லூரி விளையாட்டு மைதானத்தில் இறங்கினார். விமானம் பள்ளத்தில் போய் விழுந்தது. கிழிந்த இறக்கையை மூடத் துணி வேண்டும். போர்க்கால விமானத் துணியில் தைத்த சட்டைகள் ஊரில் இருந்தன. அவற்றைப் பிரித்து ஒட்டினார்கள். கல்லூரிக்காரர்கள் இரவு பகலாகக் கூட நின்றார்கள். முன்னிலை அங்கேதான் கைவிட்டுப் போனது. அந்தக் கைகளில் ஒன்றின் பெயரும் எந்தச் சாதனைப் பட்டியலிலும் இல்லை. பாக்தாத், கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று அவர் இறங்கிய இடங்களில் பல பேரரசின் பிடியில் இருந்தவை என்பதையும் நான் மறக்கவில்லை. அந்தத் தடம் அவருக்காக மட்டும் திறந்து கிடக்கவில்லை.

1934இல் ஜீன் பேட்டன் பழைய ஜிப்ஸி மாத் ஒன்றில் அதே டார்வினுக்கு 14 நாள் 22 மணி 30 நிமிடத்தில் வந்தார். ஹிங்க்லரின் பழைய கணக்கையும்விடக் குறைவு. ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சொல்வது, ஏமியைவிட நாலு நாளுக்கு மேல் முந்தினார் என்பதைத்தான்.