கருவின் நடுத்திங்களும் இரு நெஞ்சுடையாளும்

மணிவாசகப் பெருமான் போற்றித் திருவகவலிற் கருவாசத்தைத் திங்கள்தோறும் எண்ணிச் செல்லுங்கால், ஒவ்வொரு திங்களையும் உயிர் தப்பிப் பிழைத்ததோர் இடராகவே வைத்தருளினார். நான்காந் திங்களுக்கு இருளும் ஐந்தாந் திங்களுக்குச் சாவும் ஆண்டுக் கூறப்பட்டன. அடிகள் நோக்கம் பிறவியின் துன்பத்தை உணர்த்துதலே; மருத்துவம் உரைத்தலன்று. அத்திங்கள்களிற் கருவின்கண்ணும் தாயின்கண்ணும் நிகழ்வன யாவையென ஆராய்ந்தோர் வடநூன் மருத்துவராகிய சுசுருதரும் சரகரும் ஆவர்.

சுசுருதசங்கிதையின் சாரீரத்தானத்தில் ஒரு வழக்கு உளது. கருவில் முதற்கட் டோன்றும் உறுப்பு யாது? தலையென்றார் சௌனகர்; நெஞ்சென்றார் கிருதவீரியர்; கொப்பூழென்றார் பாராசரியர்; கைகால் என்றார் மார்க்கண்டேயர்; உடலின் நடுவென்றார் சுபூதி கௌதமர். தன்வந்திரியோ, எல்லாம் ஒருங்கே தோன்றுவன, நுண்மையாற் புலப்படாவென்று, மூங்கின் முளையையும் மாங்கனியையும் உவமை காட்டி முடித்தார். மாம்பிஞ்சில் நாரும் சதையும் வித்தும் உளவாயினும், கனிந்தபின்னரன்றோ அவை வேறுவேறாய்க் காணப்படும்! உவமை அழகிது, ஆயினும் இற்றைக் கருநூலார் கண்டதனோடு முற்றும் பொருந்துவதன்று. கருவுற்ற நான்காங் கிழமையிலேயே நெஞ்சப்பை துடிக்கத் தொடங்கும். முதற்கட் டொழிற்படும் உறுப்பு அஃதேயாதலின், வழக்கிற் றோற்ற கிருதவீரியர் கூற்றே உண்மைக்கு அணித்து. பண்டையோர் யாவும் அறிந்திருந்தனர் எனச் சாதிப்போர் இதனை ஓர்ந்து பார்ப்பாராக.

நான்காந் திங்களிற் கருவின் நெஞ்சு வெளிப்படுதலால் அறிவும் விழைவும் உண்டாம் என்றும், அதுபற்றித் தாய் இரு நெஞ்சுடையாள் எனப்படுவாள் என்றும் சுசுருதர் கூறினர். கருவுற்றாளது வேட்கையைத் தமிழர் வயா என்பர். அச்சொல்லை வேட்கையின் பெருக்கத்திற்கு உரியதாகத் தொல்காப்பியர் உரியியலில் வைத்தார். தமிழர்க்கு அது தாயின் வேட்கை. சுசுருதர்க்கோ உள்ளிருக்கும் குழவியின் வேட்கை. அதனை மறுப்பிற் குழவி கூனும் முடமுமாய்ப் பிறக்கும் என்பது அவர் துணிபு. இற்றை மருத்துவம் அதனை ஏலாது. எனினும், கருவுற்றாள் வேண்டிய உணவை வீட்டார் மறாமைக்கு அவ்வச்சம் ஒரு காவலாய் நின்றது.

சரகர் தாயையும் உற்று நோக்கினர். ஐந்தாந் திங்களிற் கருவிற்கு ஊனும் குருதியும் மிகுதலின் தாய் மெலிவள் என்றும், ஆறாந் திங்களில் அதற்கு வலியும் நிறமும் மிகுதலின் தாய் அவற்றை இழப்பள் என்றும் உரைத்தார். இக்காலத்துத் தாயின் குருதிநீர், செவ்வணுக்களினும் விரைந்து பெருகும். அதனாற் குருதி நீர்த்து வெளிறலும் அயர்வும் தோன்றுதல் உண்டு. சரகர் கண்ட நிறக்கேட்டிற்கு இஃதொரு காரணமாகலாம்.

இரண்டாவது நெஞ்சின் ஒலியைத் தாயின் வயிற்றின்மேற் செவிவைத்துக் கேட்டமை 19 ஆம் நூற்றாண்டிற்றான் பரவியது. பிரான்சு நாட்டு லெயனெக் 1816 இல் நெஞ்சொலி கேட்குங் குழலை அமைத்தார். அந்நாட்டவரேயான கெர்கராதெக் பனிக்குடத்து நீரின் அசைவைக் கேட்கலாமென்று அக்குழலை வைத்தவர், தாயின் நாடியினும் மிக விரைந்த துடிப்பொன்றைக் கேட்டு, 1821 இறுதியிற் பாரிசு மருத்துவக் கழகத்தார்க்கு அறிவித்தார். அத்தகைய குழலாற் கேட்டற்கு ஏறத்தாழ 18 முதல் 20 கிழமை நிரம்பல் வேண்டும். தாய் குழவியின் அசைவை உணரத் தொடங்குவதும் ஏறக்குறைய அக்காலத்தேயாம். இரு துடிப்பும் மயங்காதபடி, தாயின் கைந்நாடியைத் தொட்டுக்கொண்டே வயிற்றிற் குழல்வைத்துக் கேட்டல் இன்றும் பேறுகால மருத்துவர் வழக்கு.