தலைநகரின் சதுப்பு நிலம்

கொழும்பை அடுத்த கோட்டை இராசதானிக்குச் சதுப்பு நிலமே இயற்கை அரணாக நின்றது. பகைவரின் படை அதன் சேற்றில் தயங்கியது. பின்வந்தோர் அதனைப் பயனற்ற நிலமெனக் கருதி மண்ணிட்டு நிரப்பினர், குப்பை கொட்டினர். தேங்க இடமிழந்த நீர் 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துள்ளேயே புகுந்தது. 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்தது. அதன் அடிவாரத்து எளிய மக்கள் 30 பேருக்கு மேல் மாண்டனர்.

2018இல் கொழும்பு, ராம்சார் ஈரநில நகரமென்ற அங்கீகாரம் பெற்றது. பெத்தகான ஈரநிலப் பூங்காவில் பறவைகளைக் காண இன்று நகரத்தார் செல்கின்றனர். மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இந்நகரின் ஈரநிலங்களில் வாழ்கின்றன. மகிழத்தக்கதே. ஆயின், அவற்றின் வாழ்விடத்தைக் காக்க முன்வந்த நகரம், அதே சதுப்பின் ஓரத்தில் குடியிருக்கும் உழைப்பாளியின் வாழ்விடத்தையும் காக்க வேண்டாமா?