இரட்டை விகுதிகளின் பாகப்பிரிவினை

சரித்திரத்தில் நிலைபெற்றுவிட்ட ஒரு சம்பவத்துக்கு ‘ஹிஸ்டாரிக்’, சரித்திர சம்பந்தமான மற்றெதற்கும் ‘ஹிஸ்டாரிகல்’ என்றும், பொருளாதார சாஸ்திரத்துக்கு ‘எகனாமிக்’, சிக்கனத்துக்கு ‘எகனாமிகல்’ என்றும் ஆங்கில ஆசிரியர்கள் வெகு கண்டிப்பாகப் போதிப்பதைக் கேட்கும்போது, இந்த வரம்புகளை ஆதியிலேயே எவரோ நிர்ணயித்து வைத்திருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நெடுங்காலம் வரையில் வரம்பு என்று ஒன்று இருக்கவே இல்லை.

‘இக்’ என்பது கிரேக்கத்தில் ‘இகோஸ்’ என்று பிறந்து, லத்தீனில் ‘இகுஸ்’ ஆகி, பிரெஞ்சு வழியாகவும் நேராகவும் இங்கிலாந்தை அடைந்த விகுதி. பிற்கால லத்தீன் பண்டிதர்கள் அதன்மேல் ‘ஆலிஸ்’ என்ற இன்னொரு விகுதியையும் ஏற்றினார்கள். அதன் சந்ததியே ‘இகல்’. ‘மியூசிக்’, ‘லாஜிக்’ முதலியவை பெயர்ச்சொற்களாகவே நிலைத்துவிட்டபடியால், அவற்றின் பெயருரிச்சொல்லுக்கு ‘மியூசிகல்’, ‘லாஜிகல்’ என்ற நீண்ட ரூபம் அவசியமாயிற்று. அவசியமில்லாத இடங்களிலும் அது தாராளமாகப் புகுந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தவர் ‘டிராஜிக்’, ‘டிராஜிகல்’ இரண்டையும் பேதமின்றி, வாக்கியத்தின் ஓசைக்கு இசைந்தபடி வழங்கினர்; ‘ஹாம்லெ’ட்டில் பொலோனியஸ் நாடக வகைகளை ‘இகல்’ மேல் ‘இகல்’ வைத்து அடுக்குகிற வேடிக்கையை யார்தான் ரசிக்கவில்லை! 1755-இல் வெளிவந்த ஜான்ஸனின் அகராதியும் இத்தகைய இணைகள் பலவற்றை ஒரே தலைப்பின் கீழ்ச் சேர்த்தே பதிந்தது.

பாகப்பிரிவினை நடந்தது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும்தான். அதற்கு ஸ்தாபனங்களின் பெயர்களைப் போன்ற சாட்சியம் வேறில்லை. பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்க 1908-இல் இங்கிலாந்தில் நியமிக்கப்பட்ட ராஜாங்கக் கமிஷன் அவற்றை ‘ஹிஸ்டாரிகல்’ சின்னங்கள் என்றது. அதே வகைக் கட்டடங்களைப் பாதுகாக்க 1953-இல் இயற்றப்பட்ட சட்டமோ ‘ஹிஸ்டாரிக்’ கட்டடங்கள் என்கிறது. இடையிலுள்ள நாற்பத்தைந்து ஆண்டுகளில் கல்லும் சுண்ணாம்பும் மாறவில்லை. அவற்றின் மீது ஜனங்கள் கொண்ட மதிப்பு உயர்ந்தது, விகுதியும் உடன் மாறிற்று என்பது என் எண்ணம்.

மின்சாரத்தின் கதை இன்னும் விநோதமானது. கில்பர்ட் 1600-இல் காந்தத்தைப் பற்றி லத்தீனில் இயற்றிய நூலிலிருந்து கிளைத்த ‘எலெக்ட்ரிக்’, விளக்குக்கும் மோட்டாருக்கும் உரியதாயிற்று. அவற்றை அமைக்கிற எஞ்சினீயர் மட்டும் ‘எலெக்ட்ரிகல்’ ஆனார். தொட்டால் அதிர்ச்சி தருவது ‘இக்’, தராதது ‘இகல்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை நேராது. ஆனால் 1892-இல் அமெரிக்காவில் தோன்றிய ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி அந்த விதிக்கும் அடங்காது.

1926-இல் தம் பிரசித்தமான உபயோக அகராதியை வெளியிட்ட பௌலர், இரு ரூபங்களும் வெவ்வேறு அர்த்தம் பெறுவதையோ, வீணான ஒன்று வழக்கொழிவதையோ பாஷைக்கு லாபமென்றே கருதினார். ஆயினும், இவ்வளவு சிரமப்பட்டுப் பிரித்த பாகங்கள் வினையுரிச்சொல்லில் மீண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ‘பப்ளிக்’ போன்ற ஒன்றிரண்டு நீங்கலாக, ‘இக்’ விகுதிச் சொற்களும் அங்கே ‘இகலி’ என்றே முடிவதால், ஒரு தேசம் பொருளாதார ரீதியில் முன்னேறுவதும், ஒரு குடும்பத்தலைவி சிக்கனமாக அடுப்பெரிப்பதும் ஆங்கிலத்தில் ‘எகனாமிகலி’ என்ற ஒரே சொல்லால்தான் சொல்லப்படுகின்றன.