காலாவதியான பெயர், ஏலத்தில் யாருக்குப் பங்கு?

1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயில் பயனர்கள் பலரால் தங்கள் அஞ்சல் பெட்டியைத் திறக்க முடியவில்லை. சர்வர்களில் பழுது எதுவும் இல்லை. ஹாட்மெயிலுக்குள் நுழையும் வழியான பாஸ்போர்ட்.காம் என்ற டொமைன் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய 35 டாலரை, அதை நடத்திய மைக்ரோசாஃப்ட் கட்டாமல் விட்டிருந்தது. அமெரிக்க லினக்ஸ் நிரலாளர் ஒருவர் விஷயத்தைக் கண்டுபிடித்துத் தன் கிரெடிட் கார்டில் அந்தத் தொகையைக் கட்டினார், சேவை மீண்டது. பிற்பாடு மைக்ரோசாஃப்ட் அவருக்கு 500 டாலர் காசோலை அனுப்பியது.

வேறொருவர் கையில் சிக்கியிருந்தால் அந்தப் பெயரின் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தவர்கள் அப்போதே இருந்தார்கள். ஒரு தொழில் பிறக்க அதுவே போதுமானதாக இருந்தது.

டாட் காம் பெயர்கள் 1985இல் தொடங்கியபோது காசே கிடையாது. 1995 செப்டம்பரில்தான் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று கட்டணம் வாங்க ஆரம்பித்தது. கட்டணம் வந்ததும் தவணை தவறுவதும் வந்தது. 1999இல் பதிவுத் தொழிலில் போட்டிக்கு இடம் விடப்பட்டு, பல நிறுவனங்கள் பெயர் விற்க வந்தன. அடுத்த ஆண்டே டாட் காம் குமிழி உடைந்தது. கனவோடு வாங்கிய பெயர்களைப் புதுப்பிக்க ஆளில்லாமல், அவை கூட்டம் கூட்டமாகப் பட்டியலிலிருந்து விழுந்தன.

விழும் பெயரைப் பிடிப்பதற்கென்றே நிறுவனங்கள் முளைத்தன. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 2000இல் ஸ்னாப்நேம்ஸ் தொடங்கியது. கனடாவின் ஒட்டாவாவிலிருந்து பூல்.காம் 2003இல் களமிறங்கியது. இவற்றின் கணினிகள் டாட் காம் பெயர்களின் மையப் பட்டியலான பதிவகத்தை இடைவிடாமல் தட்டி, பெயர் விடுபடும் நொடியிலேயே அதைக் கைப்பற்ற முயலும். 2001இல் இந்தத் தட்டல் தாங்காமல் பதிவகமே திணறியது. பதிவகத்தை நடத்தும் வெரிசைன், இந்தப் போட்டிக்கென்று தனி இணைப்புகளை ஒதுக்க வேண்டியதாயிற்று.

பங்கு என்ற பேச்சு இங்கேதான் நுழைகிறது. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பதிவு நிறுவனத்துக்கும் பதிவகத்தோடு குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இணைப்புகள் உண்டு. அதனால் பிடிக்கும் நிறுவனங்கள் சிறிய பதிவு நிறுவனங்களின் இணைப்புகளைக் கடன் வாங்கின. பெயர் சிக்கினால் வரவில் ஒரு பகுதி அவர்களுக்கு. ஒரே பெயருக்குப் பலர் காத்திருந்தால் ஏலம் விடுவது என்ற முறையைப் பூல்.காம் பரவலாக்கியது. நிலையான கட்டணத்தை விட ஏலத்தில் பல மடங்கு காசு வந்தது. அங்கீகாரத்தை வாடகைக்கு விடுவதே சிலருக்குத் தொழிலாயிற்று. பின்னாளில் டிராப்கேட்ச் நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவு அங்கீகாரங்களைத் தன் வசம் வைத்துக்கொண்டது, அத்தனையும் இணைப்புகளுக்காகத்தான்.

வெரிசைன் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பெயர் விழும்வரை காத்திராமல் முன்கூட்டியே வரிசையில் இடம்பிடிக்க ஒரு காத்திருப்புப் பட்டியல் நடத்தலாம் என்றும், ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 24 டாலர் வாங்கலாம் என்றும் முன்மொழிந்தது. பிடிப்பவர்கள் கொதித்தெழுந்தார்கள். இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு அனுமதி தராமல் இழுத்தடித்ததாகச் சொல்லி வெரிசைன் 2004இல் வழக்குத் தொடுத்தது. அந்தப் பட்டியல் கடைசிவரை நடைமுறைக்கு வரவேயில்லை.

இதற்கிடையில் பதிவு நிறுவனங்கள் வேறொரு கணக்கைப் போட்டன. பெயர் தங்கள் கையில்தானே காலாவதியாகிறது, அதை ஏன் கீழே விழவிட வேண்டும்? ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: புதுப்பிக்காத பெயரை வேறொருவருக்கு மாற்ற உரிமையாளர் சம்மதிக்கிறார். 2004இல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ், ஸ்னாப்நேம்ஸோடு சேர்ந்து இப்படி ஏலம் விடத் தொடங்கியது. பெயர் அழிக்கப்படாமலே கைமாறுவதால், அது முதலில் பதிவான தேதி அப்படியே நிற்கும். வாங்குபவர் அந்த வயதுக்கும் சேர்த்து விலை கொடுப்பார்.

அந்த ஏற்பாட்டில் வியப்பான அம்சம் ஒன்று இருந்தது. ஏலத்தில் கிடைத்த நிகரத் தொகையில் ஒரு பங்கு பழைய உரிமையாளருக்கும் போகும். பெயரைத் தவறவிட்டவருக்குப் பணம் கொடுக்கும் இந்த யோசனை தொழிலில் பொது வழக்கமாக நிலைக்கவில்லை. அடகு வைத்த நகை ஏலம் போனால் அசலும் வட்டியும் போக மீதி, நகை வைத்தவருக்குத் திரும்ப வேண்டும். டொமைன் பெயருக்கு அப்படியொரு கட்டாயம் கிடையாது. நெட்வொர்க் சொல்யூஷன்ஸும் ஈநாம் என்ற பதிவு நிறுவனமும் சேர்ந்து 2007இல் நேம்ஜெட் ஏலத்தளத்தைத் தொடங்கின. மற்றொரு பதிவு நிறுவனமான கோடாடியும் தன்னிடம் காலாவதியாகும் பெயர்களைத் தானே ஏலம் விட்டது. ஏலப் பணம் பெரும்பாலும் பதிவு நிறுவனத்துக்கும் ஏலம் நடத்துபவருக்கும் இடையிலேயே பங்கு பிரிந்தது.

பணம் குவியும் இடத்தில் தில்லுமுல்லும் வரும். 2009 நவம்பரில் ஸ்னாப்நேம்ஸ் ஒரு திடுக்கிடும் தகவலை வெளியிட்டது: அதன் ஊழியர் ஒருவரே 2005 முதல் பொய்ப் பெயரில் ஏலம் கேட்டு விலையை ஏற்றியிருக்கிறார். மொத்த ஏலங்களில் சுமார் 5 சதவீதம் இதனால் பாதிக்கப்பட்டிருந்தன. கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு வட்டியோடு பணம் திரும்பும் என்று நிறுவனம் அறிவித்தது.

பெயரைத் தவறவிட்டவர்களின் பட்டியலில் பெரிய ஆட்களும் உண்டு. 2004இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தன் மின்னஞ்சலுக்கான பெயரைக் கோட்டைவிட்டது. 2010இல் டல்லஸ் கவ்பாய்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் இணையதளப் பெயர் காலாவதியானது. இவர்கள் பெயரை மீட்டுக்கொண்டார்கள். சின்னக் கடைக்காரருக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் அந்த வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை.

பாதுகாப்பு அடுக்கடுக்காகத்தான் வந்தது. அழிக்கப்பட்ட பெயரை அபராதம் கட்டி மீட்க 30 நாள் அவகாசம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பெயர் அழிக்கப்படும் முன்பே ஏலத்தில் கைமாறிவிட்டால் அந்த 30 நாளால் பயனில்லை. கெடு முடிய ஒரு மாதத்துக்கு முன்பும் ஒரு வாரத்துக்கு முன்பும், முடிந்தபின் ஒரு முறையும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்ற விதி 2013இல் வந்தது.

அந்த நினைவூட்டல்கள் பதிவில் இருக்கும் மின்னஞ்சலுக்குத்தான் போகும். சொந்தப் பெயரில் இணையதளம் வைத்திருப்பவர்கள் அந்த முகவரி இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்துவிடுவது நல்லது. ஒப்பந்தத்தில் காலாவதிக்குப் பின் என்ன நடக்கும் என்ற பத்தியையும் படித்துவிடுங்கள். ஏலத்தில் உங்களுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.