மணிக்கட்டு

குப்பனூரில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கடிகாரம். அது அப்பாவின் இடது மணிக்கட்டில் இருந்தது. அவர் வெளியே கிளம்பினால் நேரமும் அவரோடு கிளம்பிவிடும். அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஏற்காடு மலையேறும் பஸ்ஸின் இரைச்சலும் திண்ணையில் இறங்கும் நிழலும்தான் மணி. "பஸ்ஸு முக்குது பாரு, உலை வையி கண்ணு" என்பாள்.

நாற்பத்தாறு வயதில் எனக்கென்று ஒரு பழைய கடிகாரம் வாங்க ஆசை வந்தது. புதியது வேண்டாம். சாவி கொடுத்தால் ஓடுகிற, அறுபதுகளில் செய்த, பெண்களுக்கான ஒமேகா. நிலுவைத் தொகை வந்த மாதம் அது. துறையில் உடன் வேலை செய்யும் இருவர் வளையல் வாங்கினார்கள். கைபேசியிலேயே மணி தெரியுமே, பழைய சாமானுக்கா இவ்வளவு என்றார்கள். நியாயமான கேள்விதான்.

சேலம் கடைவீதியை ஒட்டிய ஒரு சந்தில் பழைய கடிகாரங்களைப் பழுது பார்த்து விற்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒற்றைக் கண்ணில் லென்ஸ். "சாருக்காம்மா?" என்றார். எனக்கு என்றேன். துணியை விரித்துப் பதினோரு கடிகாரங்களை வைத்தார். பெண்களுடையவை இரண்டுதான்.

"லேடீஸ்ல மெஷின் நகத்தளவுதான். பார்ட்ஸ் கெடைக்காது. கேஸ் தங்கமா இருந்தா, வீட்டுல கஷ்டம் வந்தா மொதல்ல உருக்கக் கொண்டுபோயிருவாங்க. ஜென்ட்ஸ் வாட்ச் அப்பிடியே நிக்கும், தாத்தா நெனப்புன்னு வச்சுக்குவாங்க."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, சந்தை நிலவரமாகச் சொன்னார். பெண்ணின் கடிகாரம் நகைக்கணக்கு. அவசரத்துக்கு அடகு, அதற்கு அடுத்தது உருக்கு. ஆணுடையது வம்சக்கணக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கைக்கடிகாரம் தொடக்கத்தில் பெண்ணின் பொருள். நெப்போலியனின் தங்கை, நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூரா, 1810-இல் பாரிசின் பிரெகே நிறுவனத்திடம் மணிக்கட்டில் அணியும்படி ஒன்று செய்யச் சொன்னார். 1812-இல் அது முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஆண்களின் கடிகாரம் சட்டைப்பையில் சங்கிலியோடு கிடந்தது. கையில் கட்டுவது வளையல் போடுவதற்குச் சமம் என்று அவர்கள் கேலி செய்தார்கள். போயர் போரிலும், பிறகு முதல் உலகப்போரிலும் பதுங்குகுழியில் ஒரு கையில் துப்பாக்கியோடு பையைத் துழாவ முடியாது என்று தெரிந்தபோதுதான் அது வீரனின் கைக்கு ஏறியது. ஏறியதும் அளவும் வீரமும் கூடிக்கொண்டன. பெண்களுக்குத் திரும்பி வந்தது நகத்தளவு.

பெரியவர் ஆண்கள் கடிகாரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். கறுப்பு டயல், பழுப்பேறிய எண்கள். "ரேடியம் டயல். முன்னெல்லாம் இருட்டுல மின்னும்." நம்மூரில் இருட்டில் ஒளிர்கிற எல்லாமே ரேடியம்தான், பைக்குக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர்கூட. இது நிஜ ரேடியமாக இருக்கலாம் என்று தோன்றியதும் கையை இழுத்துக்கொண்டேன். நியூஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்ச் நகரில், 1917 முதல் இளம்பெண்கள் இந்த எண்களை எழுதினார்கள். தூரிகை முனை கூராக வேண்டும் என்பதற்காக உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குப் போனது. பல் உதிர்ந்தது, தாடை எலும்பு அரித்தது. கிரேஸ் ஃபிரையர் என்ற பெண் வழக்கறிஞரைத் தேடி இரண்டு வருடம் அலைந்தார். 1927-இல் ஐந்து பெண்கள் வழக்குப் போட்டு, 1928-இல் சமரசம் ஆனது. ஃபிரையர் 1933-இல் இறந்தார். அந்தப் பூச்சில் ஒளிரும் பொருள் சில பத்தாண்டுகளில் செத்துவிடும். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். பழைய கடிகாரம் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: பழுப்பு எண் இருந்தால் நீங்களாகப் பின்மூடியைத் திறந்து ஊதாதீர்கள்.

அடுத்து அவர் எடுத்தது ஒரு எச்.எம்.டி. அதன் முதுகில் ஒரு ஆணின் பெயரும் கல்யாணத் தேதியும் பொறித்திருந்தது. எனக்கு உடனே அப்பாவின் கை ஞாபகம் வந்தது. அவருடைய ஜனதாவின் முதுகிலும் அவர் பெயர், 1974 என்று இருக்கும். வாங்கிக் கொடுத்தவர் அம்மாவின் அப்பா, இரண்டு வெள்ளாடுகளை விற்று. அவர் பெயரும் அதில் இல்லை, அம்மாவின் பெயரும் இல்லை.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது 1961-இல். நேரு வெளியிட்டார். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்ததும் அதே 1961-இல்தான். இரண்டில் எது வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு மோதிரம், வாட்ச் என்பது பேச்சுவார்த்தையில் ஒரே மூச்சில் சொல்லப்படும் சொற்கள் ஆயின. பெண்களுக்கு 'சுஜாதா' என்றொரு மாடல் இருந்தது. அது வேலைக்குப் போன டீச்சர்கள், நர்சுகள் கையில்தான் பெரும்பாலும் தெரிந்தது. பிறகு நம் ஓசூரிலிருந்து, டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், குவார்ட்ஸ் கடிகாரங்களோடு வந்து எல்லாவற்றையும் மாற்றியது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இப்போது மாப்பிள்ளைக்கு வாட்ச் போய்க் கார் வந்துவிட்டது.

முல்லைப்பாட்டை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நடத்துகிறேன். பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடி. பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர்கள் நீர்க்கலத்தைப் பார்த்து இவ்வளவு நேரம் ஆயிற்று என்று போற்றிச் சொல்கிறார்கள். அதே பாசறையில் கையில் வளையும் இடையில் வாளுமாகச் சில பெண்கள் இருக்கிறார்கள்; அவர்கள் வேலை, விளக்கு அணையும்போதெல்லாம் திரும்ப ஏற்றுவது. வீட்டில் காத்திருக்கும் தலைவிக்கு நேரம் சொல்ல யாரும் இல்லை. 'கற்பு', 'ஆற்றியிருத்தல்' என்று தேர்வுக்கு எழுதிப்போட்டுவிட்டு அந்த வளைக்கைப் பெண்களை இருபது வருடம் நான் கடந்து போயிருக்கிறேன்.

கடைக்குத் திரும்புகிறேன். இரண்டில் ஒன்று பளபளவென்று இருந்தது. அறுபது வயதுக் கடிகாரம் இருபது வயதுபோல் இருந்தால் டயலுக்கு மறுபூச்சு நடந்திருக்கிறது. எழுத்துகள் தடித்து, நிமிடக் கோடுகள் ஒன்றுக்கொன்று சமமில்லாமல் இருந்தன. மற்றொன்றின் டயல் ஓரம் லேசாகக் கறுத்திருந்தது. பின்மூடியைத் திறக்கச் சொன்னேன். மெஷினில் ஒமேகா பெயரும் எண்ணும் தெளிவாக இருந்தன. "நாளைக்கு ரெண்டு நிமிசம் முன்னப்பின்ன ஓடும், பரவால்லையா?" என்றார். பரவாயில்லை. பேரம் பேசினேன், கொஞ்சம் குறைத்தார். முதுகில் பெயர் பொறிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை குப்பனூர் போனேன். அம்மா விலை கேட்டாள், பாதி சொன்னேன். அதற்கே வாயில் கைவைத்தாள். வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"நின்னு போச்சே."

"சாவி கொடுக்கணும்மா. தினமும் கொடுக்கணும். இரு, காட்டித்தரேன்."

"எனக்கா காட்டித்தர?" என்றாள். "உங்கப்பனுக்கு அதெல்லாம் எங்க நெனப்பிருக்கும்? கல்யாணம் ஆன மறுநாள்லருந்து வெடியால நாந்தான் சாவி குடுத்து வெளக்கு மாடத்துல வப்பேன். எடுத்துக் கட்டிக்கிட்டுப் போவாரு."

பேசிக்கொண்டே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் குமிழைத் திருகினாள். நான் எண்ணவில்லை, இருபது சுற்றுக்கு மேல் இருக்கும். ஒரு இடத்தில் விரல் தானாக நின்றது.

"இறுகிருச்சு, போதும். இதுக்கு மேல திருகுனா அறுந்துரும்" என்று என்னிடம் நீட்டினாள்.