கீச்சுன்னு கத்திக்கிட்டு வந்த கடிதம்

போன வாரம் உளுந்து மூட்டை அடுக்குறதுக்காக பழைய சாமான் அறையை ஒழிச்சோம். பரண் மேல ஒரு அட்டைப்பெட்டி கிடைச்சுது. உள்ளே உள்ளங்கை அகலத்துல பச்சை நிறத்துல ஒரு சர்க்யூட் அட்டை, பக்கத்துல ஒரு சிடி, சுருட்டி வச்ச போன் ஒயர். "என்னப்பா இது, ரேடியோவோட உள்பாகமா?"ன்னு காலேஜ் படிக்கிற பையன் கேட்டான். மோடம்னு சொன்னேன். அவனுக்கு விளங்கல. நகரத்துல இருக்கிற உங்கள்ல பல பேருக்கு அந்தக் கீச்சு சத்தம் ஞாபகம் இருக்கும். எங்க பக்கம் அது எப்படி வந்துச்சுன்னு இன்னைக்குச் சொல்றேன்.

முதல்ல போன் வந்த கதை. எங்க மாதிரி கிராமத்துக்கெல்லாம் போன் வந்ததுக்கு சி-டாட்டுன்னு ஒரு அரசு நிறுவனம் முக்கியமான காரணம். 1984-ல ஆரம்பிச்சாங்க. சாம் பிட்ரோடா அதுக்கு முன்னாடி நின்னவர். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சு இயந்திரத்துக்கு ஏசி அறை வேணும், தூசி ஆகாது. நம்ம ஊர்ல கரண்டு நிக்கிறதே பெரிய பாடு. அதனால ஏசி இல்லாமலே ஓடுற மாதிரி, 128 இணைப்பு கொண்ட சின்ன எக்ஸ்சேஞ்சு ஒண்ணை இங்கேயே செஞ்சாங்க. முதல் கிராம எக்ஸ்சேஞ்சு 1986-ல கர்நாடகாவுல கிட்டூர்ல வந்துச்சு. அதுக்கப்புறம்தான் நாடு முழுக்க மஞ்சள் பெயின்ட் அடிச்ச எஸ்டிடி பூத்தெல்லாம் முளைச்சுது. எங்க வீட்டுக்கு 04151 போட்டுக் கூப்பிடுற லைன் வந்தப்ப, தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு.

இன்டர்நெட்டுக்கு அது மட்டும் போதாது. 1995 ஆகஸ்ட் 15 அன்னைக்கு விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டுச்சு. சென்னை, பம்பாய், டெல்லி, கல்கத்தான்னு பெரிய ஊருங்கதான் முதல்ல. படத்தோட பார்க்கிற கணக்குக்கு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். மாணவர்களுக்கு வெறும் எழுத்து மட்டும் தெரியற கணக்கு 500 ரூபாய். அந்தக் காலத்து 15,000 ரூபாய்னா நல்ல கறவை மாட்டுக்கு மேல. 1998 கடைசியிலதான் தனியார் கம்பெனிகளும் இந்தச் சேவையைக் கொடுக்கலாம்னு அரசு விட்டுச்சு. அதுல முதல்ல வந்த சத்யம் இன்ஃபோவே நம்ம சென்னைக் கம்பெனிதான். போட்டி வந்ததும் விலை இறங்குச்சு. 2000 அக்டோபர்ல பிஎஸ்என்எல் உருவானதுக்கு அப்புறம் சஞ்சார்நெட்டுன்னு ஒரு கணக்கு வந்துச்சு. 172233-ன்னு ஒரே நம்பர், நாட்டுல எங்கிருந்தாலும் உள்ளூர் கால் கணக்கு. கிராமத்தானும் தொட்டுப் பார்க்கலாம்னு ஆனது அதுக்கப்புறம்தான்.

எங்க வீட்டுக்கு அது வந்ததுக்குக் காரணம் என் தம்பி. 2001-ல மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். ஏஜென்டுக்குக் கட்ட மேட்டுக்காட்டை அடகு வச்சோம். அப்பாவுக்கு அதுல துளியும் இஷ்டமில்ல. போற அன்னைக்கு வாசல்ல உக்காந்திருந்தவர் அவன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கல. அதுக்கப்புறம் அவன் போன் பண்ணினாலும் பிரயோசனமில்ல, அப்பாவுக்குக் காது மந்தம். ரிசீவரைக் காதுல வச்சு "ஆங்? ஆங்?"னு ரெண்டு தடவை கேட்டுட்டு என் கையில கொடுத்துடுவார். அவனோ அப்பா இன்னும் கோவமா இருக்கார்னே நினைச்சுக்கிட்டான். கடிதம் வந்து சேர பத்துப் பன்னெண்டு நாள்.

2002-ல தம்பி காசு அனுப்பி, கள்ளக்குறிச்சியில ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினோம். விண்டோஸ் 98. மோடம் தனியா 600 ரூபாய். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். பம்புசெட் மோட்டாரைக் கழட்டி மாட்டத் தெரியும், அந்தத் தைரியத்துல இதையும் நானே மாட்டினேன்.

பிளக்கைப் பிடுங்கிட்டு, பெட்டியோட பக்கத்துத் தகட்டைக் கழட்டணும். உள்ளே வெள்ளையா நீளமா இருக்கிற பிசிஐ பள்ளத்துல அட்டையை நேரா வச்சு அழுத்தி, ஒரு ஸ்க்ரூ போட்டு முடுக்கணும். பின்னாடி ரெண்டு ஓட்டை. 'லைன்'னு இருக்கிறதுல சுவத்துல இருந்து வர்ற ஒயர், 'போன்'னு இருக்கிறதுல நம்ம போன் பெட்டி. நான் மாத்திச் சொருகிட்டு ஒரு ராத்திரி பூராவும் தலையைச் சொறிஞ்சேன். அப்புறம் சிடி போட்டு டிரைவர் ஏத்தணும். டயல்-அப் நெட்வொர்க்கிங்குல புது இணைப்பு ஒண்ணு உண்டாக்கி, நம்பர், பயனர் பெயர், கடவுச்சொல் கொடுக்கணும்.

இதுல ரெண்டு இடத்துலதான் எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க. எக்ஸ்சேஞ்சு டோன்ல எடுக்குமா, பல்ஸ்ல எடுக்குமான்னு பார்த்து வைக்கணும். பல்ஸ்னா பழைய வட்டச் சுழல் போன் மாதிரி டக் டக்குன்னு வெட்டி வெட்டி நம்பர் போடும். ரெண்டாவது, 'டயல் டோன் வரும்வரை காத்திரு'ங்கிற கட்டத்துல இருக்கிற டிக்கை எடுத்துடணும். அந்த மோடம் அமெரிக்காவோட டயல் டோனுக்குப் பழகினது, நம்ம ஊர் டோனை அடையாளம் தெரியாம 'டயல் டோன் இல்லை'ன்னு நின்னுடும். கள்ளக்குறிச்சியில கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருந்த தம்பி இதைச் சொல்லலைன்னா நான் அந்த அட்டையை அன்னைக்கே கிணத்துல போட்டிருப்பேன்.

அந்தக் கீச்சு சத்தம் எதுக்குன்னா, போன் லைன் மனுசக் குரலுக்குன்னு போட்டது. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தம்தான் அதுல போகும். கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது 0, 1 மட்டும். அதைச் சத்தமா மாத்தி அனுப்புறதும், வந்த சத்தத்தைத் திரும்ப 0, 1 ஆக்குறதும்தான் மோடத்தோட வேலை. முதல்ல ரெண்டு பக்கமும் "உன் லைன் எப்படி, எவ்வளவு வேகம் தாங்கும்?"னு பேசி முடிவு பண்ணிக்கும். அந்தப் பேச்சுவார்த்தைதான் நமக்குக் கேக்குற கொர்ர், கீச்சு, புஸ்ஸு. சந்தையில மாட்டுத் தரகர் ரெண்டு பேரு துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை முடிக்கிற மாதிரி. முடிஞ்சதும் சத்தம் அடங்கும். கீழே கடிகாரத்துக்குப் பக்கத்துல ரெண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படம் மினுக்கும்.

1962-ல அமெரிக்காவுல விற்பனைக்கு வந்த பெல் 103 மோடத்தோட வேகம் நொடிக்கு 300 பிட். 1998-ல வந்த வி.90-ல நொடிக்கு 56,000. எங்க மோடம் பெட்டி மேலயும் 56 கே-ன்னுதான் போட்டிருந்துச்சு, கிடைச்சதோ 28,800. அதாவது நொடிக்கு மூணரை கிலோபைட். ஒரு எம்பி போட்டோ இறங்க அஞ்சு நிமிசம், அதுவும் லைன் அறுந்துபோகாம இருந்தா. எங்க லைன் தினம் அறுந்துச்சு. கடைசியில பார்த்தா குத்தம் எங்களுதுதான். எங்க புளியமரத்துக் கிளை காத்துல ஆடுறப்பெல்லாம் ஒயர்ல உரசி, உள்ளே செம்பு வரைக்கும் தேஞ்சு போயிருந்துச்சு. லைன்மேன் அண்ணன் வந்து இணைப்பைப் புதுசாப் போட்டுட்டு, "கிளையை நீங்களே வெட்டிடுங்க"ன்னார். அப்பா நட்ட மரம். அவரே கொடுவாளை எடுத்துக் கொடுத்தார்.

மெயில் வந்துச்சு. ஆனா எப்படி? "Appa eppadi irukkeenga" மாதிரி, தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதி. நான் எழுத்துக்கூட்டிப் படிச்சு, அப்பா காதுல கத்திச் சொல்லணும். தெருவுக்கே கேக்கும். மனசு விட்டு ஒண்ணும் எழுத முடியாதுல்ல? தம்பியும் சம்பளம், வெயில், சாப்பாடுன்னு நாலு வரியோட நிறுத்திக்குவான்.

தமிழ்ல எழுதலாம்னு அவனோட கேம்ப்ல இருந்த ஒரு திருநெல்வேலிக்காரர்தான் சொல்லிக் கொடுத்திருக்கார். யூனிகோடு இன்னும் பரவாத காலம். ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு, அது இல்லைன்னா திரை முழுக்கக் கோழி கிறுக்கல்தான். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்துச்சு. தமிழ்99 விசைப்பலகை அதுல முடிவானதுதான். மலேசியாவுல முத்து நெடுமாறன் செஞ்ச முரசு அஞ்சலை வெளிநாட்டுத் தமிழர்கள் நிறையப் பேர் வச்சிருந்தாங்க. எங்க ரெண்டு பக்கமும் அதையே ஏத்தினோம். எங்க லைன்ல அதை இறக்க மூணு ராத்திரி ஆச்சு.

நாலாவது நாள் தமிழ்ல கடிதம் வந்துச்சு. அப்பா அஞ்சாவது படிச்சவர், தினத்தந்தி படிப்பார். நாற்காலியை இழுத்துப்போட்டு உக்கார வச்சேன். திரையில விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சார். நான் வெளியே வந்துட்டேன். அதுல என்ன எழுதியிருந்தான்னு அன்னைக்கு நான் பார்க்கல. அரை மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டு, "எழுது"ன்னார். "மேட்டுக்காடு எங்கேயும் ஓடிப்போவாது. அடகுக்காக வவுத்தைக் கட்டாதே. நான் கோவமா இல்ல, காதுதான் கேக்கல." இணைப்பு இல்லாமலே அடிச்சு வச்சுட்டு, அப்புறம் டயல் பண்ணி அனுப்பினேன். மூணு நிமிசத்துக்கு ஒரு கால் ஓடும், ரெண்டு விரல்ல தட்டுற என் வேகத்துக்கு லைன்ல உக்காந்து அடிச்சா உளுந்துக் காசெல்லாம் போன் பில்லுக்கே போயிடும்.

ரெண்டு வருசம் அப்படி ஓடுச்சு. 2004 ஆடியில அப்பா போயிட்டார். தம்பி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது அந்த ஒயர் வழியாத்தான்.

அதே காலத்துல பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு நல்ல வேலை நடந்துச்சு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல வில்லியனூரை மையமா வச்சுக் கிராமங்கள்ல தகவல் மையம் ஆரம்பிச்சுது. போன் லைன் சரியில்லாத இடத்துக்கு ரேடியோ அலை வழியா இணைச்சாங்க. அமெரிக்கக் கடற்படையோட தளத்துல இருந்து அலை உயரத்தை எடுத்து, வீராம்பட்டினத்துல ஒலிபெருக்கியில தமிழ்ல சொன்னாங்க. 2004 டிசம்பர் 26 அன்னைக்கு, சிங்கப்பூர்ல இருந்த ஒரு நல்லவாடு ஊர்க்காரர் போன் பண்ணிச் சொன்னதும், அங்கிருந்த ஒலிபெருக்கியில அறிவிச்சு ஜனங்களைக் கிளப்பினாங்க. எனக்கு இதுல புரிஞ்சது இதுதான்: ஒயர் இழுக்கிறது பாதி வேலை, வர்ற சேதி நமக்குப் புரியற பாசையில, நமக்கு வேண்டியதா இருக்கணும். எங்க அப்பாவுக்கும் ஒயர் முதல்லயே வந்துடுச்சு, தமிழ் வந்த அன்னைக்குத்தான் அவரு மவன் வந்தான்.

இந்தக் கதையில ஒரு இடம் விட்டுப் போச்சு. எங்க வயல்ல நின்னு பார்த்தா மேக்கால கல்வராயன்மலை தெரியும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, ஏறினா வெள்ளிமலை. நான் கீழே 28,800-க்குச் சலிச்சுக்கிட்ட நாள்ல, மேலே இருக்கிற மலையாளி ஜனங்க ஊர்ல பாதிக்கு மோடம் சொருக ஒரு போன் லைனே கிடையாது. சாமையும் கடுக்காயும் தூக்கிக்கிட்டு இறங்கி வந்தவங்களுக்கு, கீழே என்ன விலைன்னு தரகர் சொன்னாத்தான் தெரியும். செம்புக் கம்பி அவங்களுக்குப் போகாமலே அதோட காலம் முடிஞ்சுபோச்சு. நேரா செல்போன் டவர் வந்துச்சு. 2020-ல கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடினப்ப, எனக்குத் தெரிஞ்ச ஒரு மலைக் குடும்பத்துப் பொண்ணு தினம் ஒரு பாறை மேல ஏறி உக்காந்து பாடம் படிச்சுது. அங்கேதான் ரெண்டு கோடு சிக்னல். 2019-லேயே கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிடுச்சு, கலெக்டர் ஆபீஸ் கிட்ட வந்துடுச்சு. அந்தப் பொண்ணுக்குப் பாறைதான்.

மோடத்தைத் தூக்கிப் போட மனசு வரல. துடைச்சு, அதே பெட்டியில வச்சு, அப்பா போட்டோவுக்குக் கீழே அலமாரியில வச்சிருக்கேன். மேட்டுக்காட்டை 2006-ல மீட்டாச்சு. அதுல விளைஞ்ச உளுந்துதான் இப்ப அந்த அறையில மூட்டையா அடுக்கியிருக்கு.